விண்டர் ஓடர்

சுவடிக்கூட வாசிப்பறையில்
பென்சில் மட்டுந்தான் அனுமதி.
பேனா, பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம்
வாசல் லாச்சியில்.
பதினெட்டுப் பாகையில் ஏசீ.
என் வாழ்நாளில் நான் அறிந்த
ஒரேயொரு குளிர்காலம் அது,
காலை ஒன்பது முதல் நாலரை வரை
அரசாங்கம் தருவது.

ஆய்வுத் தலைப்பு நீளமானது:
தொழிற்புரட்சிக் காலத்தில்
குளிர்காலமும் சமூக ஒழுங்கும்.
படிவத்தை வாங்கிய விதானகே
"ஸ்னோ பார்த்திருக்கிறீங்களா மிஸ்?" என்றார்.
ஐஸ் பெட்டியில், என்றேன்.
அதுவே போதுமென்பதுபோல்
முத்திரையைக் குத்தினார்.

மூன்று மாதமாக வாசிக்கிறேன்.
முன்னெல்லாம் அங்கே மண் உறையும்போது
மனிதரும் கொஞ்சம் உறங்கினார்கள்.
நீராவி வந்தபின்
உறக்கத்துக்கு அபராதம்.
விடியாத விடியலில் ஆலைச் சங்கு,
ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி.
நீளக் கழியால் சாளரம் தட்டி எழுப்ப
ஓர் ஆள்; அவனை யார் எழுப்பினார்கள்
என்று எவரும் எழுதவில்லை.
நிலக்கரி உள்ள வீடு, இல்லாத வீடு எனத்
தெரு இரண்டானது.
தண்டவாளத்தோரம் கரித்துண்டு பொறுக்கிய பிள்ளைகள்
நீதவான் முன் நின்றார்கள்.
கால்வாய் உறைந்தால் படகு நிற்கும்,
படகு நின்றால் பஞ்சு நிற்கும்,
பஞ்சு நின்றால்
அடுப்பு.

இதையெல்லாம் எழுதும்போது
என் உள்ளங்கை வியர்க்கவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு செவ்வாய், பெட்டி இலக்கம் தவறி
வேறொரு கட்டு வந்தது.
கொழும்புத் துறைமுகத்தின் கரிக் கணக்கு:
கூடை, திகதி, கூலி.
பெயர் ஒன்றும் இல்லை, ஆட்கள் 306.
ஓரத்தில் யாரோ நுணுக்கி எழுதியிருந்தார்கள்,
'வெயிலில் மூவர் விழுந்தனர்.
கப்பலுக்குத் தாமதமில்லை.'
அந்தக் கப்பல் ஏற்றிப்போன தேயிலை
யாருடைய டிசம்பரைச் சூடாக்கியதென்று
எந்தப் பக்கத்திலும் கிடைக்கவில்லை.
பிழையான பெட்டி என்று சொல்லாமல்
மறுநாளுக்கும் எடுத்துவைக்கச் சொன்னேன்.

இரவு, கிருலப்பனை, அனெக்ஸ் அறை.
ஜூன் மாதம். சுவர்கூட வியர்க்கிறது.
பதினொன்றரைக்கு ரத்மலானை வானிலிருந்து
பவளராணி இறங்கி வருகிறாள்.
புருவத்தில், காதோர மயிரில்
வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.
"விண்டர் ஓடர் அக்கா."
மைனஸ் இருபதுக்கான ஜாக்கெட்டாம்.
ஒக்டோபரில் அங்கே கடையில் தொங்க வேண்டும்,
ஆகஸ்டில் கப்பல் ஏற வேண்டும்,
ஆகவே ஜூன் முழுக்க ஓவர்டைம்.
பஞ்சடைக்கும் பகுதியில் ஃபேன் கிடையாது,
பறந்துவிடும் என்று.
போன கிழமை ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததாம்.
பிறகு? என்றேன்.
"பிறகு என்னாக்கா, லைன் ஓடிச்சு."

வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலாக
குளியலறையிலிருந்து சொல்கிறாள்:
"போன வருசம் அங்க குளிரே வரல்லயாம்.
ஜாக்கெட்டு அப்பிடியே கெடந்துச்சாம்.
எங்கள்ல நாப்பது பேர
வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.
அதான் செவ்வாக்கெழம கொச்சிக்கடைக்குப் போயி
அந்தோனியாருக்கு மெழுகுதிரி வச்சேன்,
இந்த வருசம் நல்லா பனி கொட்டணும்னு."

தலை துவட்டிக்கொண்டே வந்தவள்
என் கொப்பியைப் பார்க்கிறாள்.
"நீங்க குளிர்காலந்தானே படிக்கிறீங்க?
சொல்லுங்க, இந்த வாட்டி வருமா?"

நான் படிப்பது
நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியது
என்று தொடங்கினேன்.
அதற்குள் தூங்கிவிட்டாள்,
ஒரு கை பாய்க்கு வெளியே,
விரல்கள் இன்னும் எதையோ
தள்ளிக்கொடுப்பதுபோல் மடிந்து.

காலையில் அதே மேசை. அதே பதினெட்டுப் பாகை.
சுவெட்டரைப் போட்டேன்;
கழுத்துப்பட்டியில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று
முதன்முறையாகத் தேடிப் பார்த்தேன்.
பிறகு கொப்பியின் முதற்பக்கத்தில்,
'ஆய்வுக் காலம்: 1840 – 1890'.
பென்சில் என்பதால் சுகம்.
இரண்டாவது ஆண்டை அழித்தேன்.
கோட்டை விட்டுவைத்தேன்.